மாவட்டத்தின் முதல் கழுத்து

மணிமொழியின் தலை பிறந்ததிலிருந்தே இடது தோள் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தது. ரொம்ப இல்லை. பக்கத்தில் யாராவது மெதுவாகப் பேசினால் நாம் காதைக் கொடுப்போமே, அந்த அளவு. நான்கு வயதில் அவளைப் பார்த்த டாக்டர், கழுத்தில் ஒரு பக்கத்துத் தசை குட்டையாக இருக்கிறது, கைக்குழந்தையாக இருக்கும்போதே கொண்டு வந்திருந்தால் நேராக்கியிருக்கலாம் என்றார்.

"வலிக்குமா?" என்று அவள் அம்மா பூமாலை கேட்டாள்.

வலிக்காது என்றார் டாக்டர்.

"அப்பறம் இன்னா" என்று பூமாலை குழந்தையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு கச்சிராயபாளையம் பஸ்ஸைப் பிடித்தாள். அதற்குப் பிறகு பதினாறு வருஷம் அந்த வீட்டில் யாரும் அந்தக் கழுத்தைப் பற்றிப் பேசவில்லை. பேசுவதற்கு வேறு விஷயங்கள் நிறைய இருந்தன. அப்பா கேரளாவில் கட்டட வேலைக்குப் போயிருந்தார். பூமாலை கரும்பு வெட்டவும் களை பறிக்கவும் போய்க்கொண்டிருந்தாள். மணிமொழி பி.காம். கடைசி வருஷம் படித்தாள். டிகிரி கையில் வந்ததும் அலுவலக வேலைக்கு எடுத்துக்கொள்வதாக ஒரு ஜவ்வரிசி ஆலையில் சொல்லியிருந்தார்கள். ஜூன் மாதத்துக்குள் வர வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆள் பார்ப்போம் என்றும் சொல்லியிருந்தார்கள்.

அவள் படித்த கல்லூரி கள்ளக்குறிச்சிக்குப் போகும் சாலையில் கரும்புக் காட்டுக்கு நடுவே இருந்தது. அறுநூற்றுப் பதினாலு பேர் படித்தார்கள். அங்கே யாரும் போன் கொண்டு வரக் கூடாது. வணிகவியல் பேராசிரியர் செல்லமுத்து தினமும் காலையில் வாசலில் நின்று பைகளைச் சோதிப்பார். பிடிபட்ட போன்கள் முதல்வர் அறை பீரோவுக்குள் போகும். டிசம்பரில் இளைஞர் உடல்நேர்த்தி வாரியத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. மறுநாளிலிருந்து அதே செல்லமுத்து அதே வாசலில் நின்று, போன் இல்லாமல் வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார்.

சுற்றறிக்கையை விளக்குவதற்காக வாரியத்தின் மாவட்டக் கழுத்து நல ஒருங்கிணைப்பாளர் தெய்வசிகாமணி நேரில் வந்தார். இதற்கு முன் வாரியத்தின் புன்னகை இயக்கத்தை நடத்தி, நான்கு லட்சம் புன்னகைகளைப் பதிவு செய்தவர் என்று முதல்வர் அவரை அறிமுகப்படுத்தினார். தெய்வசிகாமணி சிரிக்கவில்லை. கழுத்தில் வெள்ளைப் பட்டை போட்டிருந்தார்.

"மாணவச் செல்வங்களே!" என்றார். "ஒரு இளைஞர் ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் குனிந்து போனைப் பார்க்கிறார். இதனால் கழுத்து கெட்டுப் போகிறது. கழுத்து கெட்டுப் போனால் என்ன ஆகும்? அவரால் போனைப் பார்க்க முடியாது! அந்த நிலைமை நம் மாவட்டத்து இளைஞருக்கு வரக் கூடாது என்றுதான் 'நிமிர்' என்ற செயலியை உருவாக்கியிருக்கிறோம். இதை நீங்கள் தினமும் ஏழு முறை போனில் பார்க்க வேண்டும். எட்டு மாதம் ராத்திரி பகலாக உட்கார்ந்து இதை உருவாக்கினோம். அதில்தான் என் கழுத்து போனது."

எல்லோரும் கைதட்டினார்கள். அவர் தலையை ஆட்டி ஏற்றுக்கொள்ள முயன்று, பட்டை தடுத்ததால், உடம்போடு சேர்த்து ஆடினார்.

செயலி எளிமையானது. போனை எதிரே நிறுத்தி வைத்துவிட்டு, அது சொல்கிற பயிற்சியைச் செய்ய வேண்டும். மோவாயைப் பின்னால் இழு. தோளைச் சுழற்று. சுவரோடு முதுகை ஒட்டி நில். பயிற்சி முடிந்ததும் மூன்று நிமிஷம் அசையாமல் நிற்க வேண்டும். காமிரா பார்த்து, கழுத்து நேராக இருந்தால் பச்சைக் கோடும், இல்லாவிட்டால் சிவப்புக் கோடும் போடும். ஒரு பெண் குரல் முடிவைச் சொல்லும். பிறகு குனிந்து, 'நிமிர்ந்தேன்' என்ற பொத்தானை அழுத்த வேண்டும். குனிந்ததற்கு இரண்டு புள்ளி கழியும். நூற்றுக்கு எழுபத்தைந்து புள்ளி இருந்தால்தான் பரீட்சைக்கு ஹால் டிக்கெட்.

மணிமொழியின் சிநேகிதி அருள்மொழி போனைப் பிடித்துக்கொள்ள, மணிமொழி முதல் முறை எதிரே நின்றாள். சிவப்பு.

"நீங்கள் நேராக இல்லை. தயவுசெய்து நேராக வரவும்" என்றது குரல்.

மணிமொழி தலையை முடிந்தவரை வலப்பக்கம் இழுத்தாள்.

"இன்னும் நேராக வரவும்."

"இதுக்கு மேல வராதுடி" என்றாள் மணிமொழி சிரித்துக்கொண்டே. அருள்மொழியும் சிரித்தாள். பதினோரு புள்ளி.

அந்த வாரக் கடைசியில் அலுவலகப் பலகையில் 'நிமிராதோர் பட்டியல்' ஒட்டினார்கள். முப்பத்தெட்டு பேர். குறைந்த புள்ளியிலிருந்து மேலே போகும் வரிசை என்பதால் மணிமொழியின் பெயர் முதலில் இருந்தது. சின்ன வயசில் தெருப் பிள்ளைகள் அவளை எத்தனையோ பெயர் வைத்துக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவளும் திருப்பிக் கூப்பிட்டிருக்கிறாள். அதெல்லாம் வாய் வார்த்தை, விளையாட்டு முடிந்தால் அதுவும் முடிந்தது. இது டைப் அடித்து, பதிவு எண் போட்டு, முதல்வர் கையெழுத்தோடு இருந்தது. இரண்டாவது மணி அடிக்கும்வரை அவள் அதன் முன்னாலேயே நின்றிருந்தாள். பிறகு செல்லமுத்துவைப் போய்ப் பார்த்தாள்.

"சார், எனக்குப் பொறந்ததிலேர்ந்தே இப்பிடித்தான் சார்."

"தெரியும்மா. மூணு வருஷமா நான் பாக்கறேன் இல்ல? ஆனா செயலிக்கு அது தெரியாதே."

"நீங்க எடுத்துச் சொல்லலாம் இல்லீங்களா சார்?"

"சொல்றதுக்குன்னே ஒரு இடம் வெச்சிருக்காங்கம்மா" என்று அவர் செயலியின் 'கருத்து' பக்கத்தைத் திறந்து கொடுத்தார். அதில் ஐந்து நட்சத்திரங்கள் இருந்தன. எழுத இடம் இல்லை. மணிமொழி ஒரு நட்சத்திரத்தை மட்டும் அழுத்தினாள். 'நன்றி! நிமிர்ந்தே இருங்கள்' என்று பதில் வந்தது.

விலக்கு வாங்குவதற்கு வழி இருந்தது. தியாகதுருகத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் வாரியம் கழுத்துச் சான்றிதழ் முகாம் போட்டிருந்தது. மணிமொழி ஒரு நாள் வகுப்பை விட்டுவிட்டுப் போனாள். இரண்டு மணி நேரம் வரிசையில் நின்ற பிறகு டாக்டர் பார்த்தார். நல்ல மனுஷர். தன்மையாகவே பேசினார்.

"இது குனிவு இல்லியேம்மா. சாய்வு."

"ஆமாங்க."

அவர் ஒரு பிளாஸ்டிக் அளவுகோலை அவள் காதோரம் வைத்துப் பார்த்தார். "முன்பக்கக் குனிவு பூஜ்ஜியம். காலையிலேர்ந்து நூறு பேர் பாத்துட்டேன், இந்த மாதிரி ஒரு கழுத்தைப் பாக்கல."

"அப்ப விலக்கு குடுத்துடுவீங்களா?"

"அதெப்பிடிம்மா? முன்னாடி குனிஞ்சாத்தான் விலக்கு. பக்கவாட்டுல எங்களுக்கு அதிகாரம் கிடையாது."

பக்கத்து மேஜையில் சீல் வைத்துக்கொண்டிருந்தவர் இரக்கப்பட்டார். "தே பொண்ணு, நான் ஒண்ணு சொல்றேன் கேளு. ஒரு மாசத்துக்கு ராவும் பகலும் போனப் பாத்துக்கினே இரு. முன்பக்கம் நல்லா குனிவு வந்துடும். அடுத்த முகாமுக்கு வா, நானே எழுதித் தரேன். வரும்போது விண்ணப்பத்துல ஒட்ட ஒரு போட்டோ கொண்டா. கழுத்து நேரா இருக்கணும்."

அன்று சாயங்காலம் பூமாலை கரும்புக் காட்டிலிருந்து வந்து கை கால் கழுவிக்கொண்டிருந்தபோது மணிமொழி எல்லாவற்றையும் சொன்னாள். ஹால் டிக்கெட் கிடைக்காது என்பதைக் கடைசியாகச் சொன்னாள். பூமாலை துண்டால் முகத்தைத் துடைத்தாள்.

"பன்னெண்டாவது பரீட்சைக்குப் போட்டோ எடுத்தானே, அந்த ஸ்டுடியோக்காரன் இன்னா பண்ணான்?"

அந்த ஸ்டுடியோக்காரர் கம்ப்யூட்டரில் போட்டோவைக் கொஞ்சம் திருப்பிவிட்டார். மணிமொழி நேராக நின்றாள். பின்னாலிருந்த திரைச்சீலை புயலில் மாட்டிக்கொண்ட மாதிரி சரிந்திருந்தது. அதை யாரும் கேட்கவில்லை.

"இது போட்டோ இல்லம்மா. இது செயலி."

"அதுக்கும் கண்ணு ஒண்ணுதானே" என்றாள் பூமாலை. போனை வாங்கி உப்பு ஜாடிமேல் சாய்த்து வைத்து, ஒரு பக்கம் துணியை மடித்து முட்டுக் கொடுத்தாள். மணிமொழி எதிரே நின்றாள். பூமாலை துணியை இன்னும் கொஞ்சம் தள்ளினாள்.

பச்சை.

"அருமை! நீங்கள் நேராக இருக்கிறீர்கள். வாழ்த்துகள்!"

"யாருடி அது?"

"வாரியத்துப் பொம்பளம்மா."

"நல்லாத்தானே பேசுறா. அப்பறம் எதுக்கு இத்தினி நாளா திட்டிக்கினு இருந்தா?"

மணிமொழிக்கு வேண்டியிருந்தது எழுபத்தைந்து. பொத்தானைப் பூமாலையே அழுத்திவிட்டதால் குனிந்ததற்கான இரண்டு புள்ளியும் கழியவில்லை. நூறு வந்தது. மறுநாளும் நூறு. அதற்கு மறுநாளும் நூறு. காரணம் இருந்தது. மற்றவர்களின் கழுத்து மூன்று நிமிஷத்தில் கொஞ்சமாவது ஆடும். கொசு கடிக்கும், யாராவது கூப்பிடுவார்கள். மணிமொழியின் தசை குட்டை என்பதால் அவள் தலை வைத்த இடத்தில் நின்றது. இரண்டு வாரம் கழித்து வாரியத்திலிருந்து கல்லூரிக்கு ஒரு கடிதம் வந்தது. மாவட்டத்திலுள்ள ஒரு லட்சத்துச் சொச்சம் கழுத்துகளில் பி.காம். மூன்றாம் ஆண்டு மாணவி பூ. மணிமொழியின் கழுத்து முதலிடம் பெற்றிருந்தது.

செல்லமுத்து அவளைத் தனியாகக் கூப்பிட்டார். அவள் உண்மையைச் சொன்னாள். போனைச் சாய்த்து வைத்ததைச் சொன்னாள். உப்பு ஜாடியையும் சொன்னாள். அவர் எட்டி வராந்தாவைப் பார்த்தார்.

"இத வேற யார்கிட்ட சொன்ன?"

"யார்கிட்டயும் இல்ல சார்."

"என்கிட்டயும் சொல்லல" என்றார் அவர்.

பிப்ரவரி கடைசியில் கல்வராயன் மலைமேல் வெள்ளிமலையில் வாரியம் 'நிமிர் திருவிழா' நடத்தியது. மலை என்றாலே நிமிர்வு என்பதால் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததாக அழைப்பிதழில் போட்டிருந்தது. மாவட்டத்துக் கல்லூரிகளிலிருந்தெல்லாம் மாணவர்கள் வந்தார்கள்; இந்தக் கல்லூரியிலிருந்து மட்டும் நான்கு பஸ்கள் போயின. மலைச் சாலையில் மூன்றாவது வளைவு தாண்டியதும் எல்லோர் போனிலும் சிக்னல் போய்விட்டது. மேடையில் சினிமாத் திரை அளவுக்கு ஒரு திரை வைத்து அதில் செயலியைத் திறந்திருந்தார்கள். ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"எல்லோரும் போனை உயர்த்திப் பிடியுங்கள்!" என்று தெய்வசிகாமணி மைக்கில் உத்தரவிட்டார். "யாருக்காவது சிக்னல் கிடைத்தால் கை தூக்கவும்!"

மைதானம் முழுக்க போனைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு, அண்ணாந்து பார்த்தபடி, பின்னால் பின்னால் நடந்தார்கள். இயக்கம் தொடங்கியதிலிருந்து மாணவர்கள் வானத்தைப் பார்ப்பதை இன்றுதான் பார்க்கிறேன் என்று செல்லமுத்து டிரைவரிடம் சொன்னார். கால்மணி நேரத்தில் இரண்டு பேர் நாற்காலி தடுக்கி விழுந்ததுதான் மிச்சம். வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

தெய்வசிகாமணி தளரவில்லை. "செயலி இல்லாவிட்டால் என்ன? செயலியே பாராட்டிய கழுத்து நம்மிடம் இருக்கிறது. மேடைக்கு வாம்மா!"

மணிமொழி மேடை ஏறினாள். ஏறும்போதே அவரிடம், "ஐயா, நான் ஒண்ணு சொல்லணுங்க" என்றாள்.

"நன்றியெல்லாம் கடைசியில் சொல்லலாம்" என்று அவர் அவளைத் திருப்பிக் கூட்டத்தைப் பார்த்து நிறுத்தினார். "அனைவரும் கவனிக்கவும்! இதுதான் நேர். தரவு சொல்கிறது, நான் சொல்லவில்லை. எல்லோரும் எழுந்து, இவரைப் பார்த்து, அப்படியே நில்லுங்கள்!"

ஆயிரம் பேர் எழுந்தார்கள். ஆயிரம் பேரும் தலையைச் சாய்த்தார்கள். பாதிப் பேர் கண்ணாடி பார்ப்பதுபோல வலப்பக்கம் சாய்த்தார்கள், பாதிப் பேர் இடப்பக்கம். பக்கத்துப் பக்கத்தில் நின்றவர்களின் தலைகள் முட்டிக்கொண்டன. "இடது! அவரவர் இடது!" என்று தெய்வசிகாமணி கத்தினார். கழுத்துப் பட்டையைக் கழற்ற முடியாததால், அவரே இடது காலை மடக்கி முழு உடம்பாகச் சாய்ந்து நின்றார்.

கடைசி வரிசையில் நாற்காலி நிரப்பக் கூட்டி வந்திருந்த மலைக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மரவள்ளிக் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்த இடத்திலிருந்து வண்டியில் ஏற்றி வந்த இருசப்பன் பக்கத்திலிருந்தவரைக் கேட்டார்.

"இன்னாய்யா பண்றாங்க? சுளுக்கு எடுக்கறாங்களா?"

"எடுக்கல, வெக்கறாங்க."

செயலியை உருவாக்கிய கம்பெனியின் ஆள் ஒருவர் சென்னையிலிருந்து வந்திருந்தார். அவர் மணிமொழியின் கழுத்தை முன்னால், பின்னால், பக்கவாட்டில் என்று முந்நூறு படம் எடுத்துக்கொண்டார்.

அது எதற்கு என்று மார்ச் நடுவில் தெரிந்தது. செயலி புதுப்பிக்கப்பட்டது. இதுவரை நேர் என்பதற்கு ஒரு பொதுவான அளவு இருந்தது, அது வெளிநாட்டு அளவு, இனி நம் மாவட்டத்து மாதிரிக் கழுத்தே அளவு என்று வாரியம் அறிவித்தது. மறுநாள் காலை கல்லூரியில் அறுநூற்றுப் பதின்மூன்று பேருக்குச் சிவப்பு விழுந்தது. மணிமொழி போனை மேஜைமேல் வெறுமனே நேராக நிறுத்தி வைத்து எதிரே நின்றாள். துணி இல்லை, முட்டு இல்லை.

"அருமை! நீங்கள் நேராக இருக்கிறீர்கள்."

உண்மையைச் சொல்ல வேண்டும். அன்று மத்தியானம்வரை அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. தன்னைப் பார்த்து நேராக இரு என்று சொல்லாத ஒரு நாள். எல்லோரும் தன்னைப்போல நிற்கப் பார்க்கிற நாள். அவள் மூன்று தடவை போனுக்கு முன்னால் போய் நின்று அந்தக் குரலைக் கேட்டாள்.

ஆனால் ஹால் டிக்கெட்டுக்கு இருபது நாள்தான் இருந்தது. கல்லூரி பயந்துபோய் தினமும் கடைசி இரண்டு மணி நேரத்தைச் சாய்வுப் பயிற்சிக்கு ஒதுக்கியது. செல்லமுத்து கரும்பலகையில் கோணம் வரைந்து, "இடப்பக்கம் பதினாறு டிகிரி, பதினேழு போனா அதுக்கும் கழியும்" என்று சொல்லிக் கொடுத்தார். கச்சிராயபாளையம் பஸ்ஸில் ஏறிய மாணவர்கள் எல்லோரும் ஒரே பக்கம் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, கண்டக்டர் ஜன்னல் வழியே எட்டி என்ன விபத்து என்று தேடினார். பிள்ளைகளைப் பெற்றவர்கள் மணிமொழியின் வீட்டைத் தேடி வந்தார்கள். ரிஷிவந்தியத்திலிருந்து வந்த ஒரு அம்மாள் வெற்றிலை பாக்கு, பழம் எல்லாம் தட்டில் வைத்துக்கொண்டு வந்து, "நீ எப்பிடிம்மா இவ்ளோ சுலுவா வெச்சிக்கினு கீற?" என்று கேட்டாள்.

"நான் வெச்சிக்கல. அது அப்பிடித்தான் கீது" என்றாள் மணிமொழி.

"அடக்கமான பொண்ணு" என்று அந்த அம்மாள் பூமாலையிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

இரண்டாவது வாரம் அருள்மொழி வகுப்புக்கு வரவில்லை. மணிமொழி வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோது அவள் கழுத்தில் சுடுதண்ணீர்த் துணியோடு படுத்திருந்தாள். இந்தப் பக்கமும் திரும்பவில்லை, அந்தப் பக்கமும் திரும்பவில்லை.

"ரொம்ப வலிக்குதுடி" என்றாள். "ஒனக்குக் கூட இப்பிடித்தான் எப்பவும் வலிக்குமாடி?"

"எனக்கு வலிக்காதுடி."

அருள்மொழி அழுதாள். "எவ்ளோ பண்ணியும் அறுபத்திரண்டுதான் வருது."

மணிமொழி மறுநாள் கள்ளக்குறிச்சியில் வாரிய அலுவலகத்துக்குப் போனாள். மாதிரிக் கழுத்து என்பதால் உடனே உள்ளே விட்டார்கள். தெய்வசிகாமணி எழுந்து வரவேற்று, டீ வரவழைத்தார்.

"ஐயா, அது நேர்க் கழுத்து இல்லீங்க. என் கழுத்து சாஞ்ச கழுத்துங்க. நான் போன சாய்ச்சு வெச்சுத்தான் நூறு வாங்கினேன்."

"இப்ப செயலி என்ன சொல்லுது?"

"நேருன்னு சொல்லுதுங்க."

"போன் நேரா இருக்கும்போதா?"

"ஆமாங்க."

"அப்புறம் ஏம்மா உன்னை நீயே குறைச்சுப் பேசற? இதுதான் நம்ம கிராமத்துப் பிள்ளைங்ககிட்ட இருக்கிற தாழ்வு மனப்பான்மை. இதைப் போக்கறதுக்கு நான் ஒரு தனி இயக்கமே கேட்டிருக்கேன்."

"எல்லாருக்கும் கழுத்து வலிக்குதுங்க ஐயா. என் சிநேகிதி படுத்த படுக்கையா கீறா."

"ஆரம்பத்துல வலிக்கும். எனக்கு இன்னமும் வலிக்குது. நான் குறை சொல்றேனா?" என்று பட்டையைத் தொட்டுக் காட்டினார்.

"பழையபடி மாத்திடுங்கய்யா. உங்களுக்குப் புண்ணியமா போவும்."

தெய்வசிகாமணி யோசித்தார். மனசார யோசித்தார் என்றுதான் சொல்ல வேண்டும். மேஜைமேல் இருந்த கோப்பைப் புரட்டினார்.

"அளவை மாத்தணும்னா மூணு கமிட்டி உக்காரணும். ஒரு வருஷம் ஆகும். ஆனா ஒரு சுலபமான வழி இருக்கு. அளவுன்னா என்ன? உன் கழுத்து. நீ பயிற்சி பண்ணி உன் கழுத்தை நேராக்கிட்டு வந்துடு. புதுசா படம் எடுத்து ஏத்திடறோம். ஒரே நாள்ல மாவட்டமே நேராயிடும். எல்லாம் உன் கையிலதான் இருக்கும்மா."

மணிமொழி டீயைக் குடிக்காமல் எழுந்து வந்தாள். இருபது வருஷத்தில் அந்தக் கழுத்துக்காக அவள் வெட்கப்பட்டிருக்கிறாள், சண்டை போட்டிருக்கிறாள், மறந்தும் போயிருக்கிறாள். அதற்காகக் கோபப்பட்டது அன்றுதான். 

மறுநாள் சாய்வுப் பயிற்சி நேரத்தில் அவள் பெஞ்சுமேல் ஏறி நின்றாள்.

"எல்லாரும் கழுத்த வுடுங்க" என்றாள். "எப்பிடி இருக்குமோ அப்பிடியே வுடுங்க. ரப்பர் வெச்சிருக்கறவங்க ரப்பர எடுங்க. இல்லாதவங்க நோட்டுல ஒரு தாளக் கிழிச்சு மடிங்க. போனுக்கு ஒரு பக்கத்துல அடியில குடுத்துச் சாய்ங்க. இன்னும் கொஞ்சம். பச்ச வர்ற வரைக்கும்."

முதல் பெஞ்சில் ஒரு போன் வாழ்த்துச் சொன்னது. பிறகு மூன்றாவது பெஞ்சில். பிறகு வரிசையாக அறை முழுக்க அந்தப் பெண் குரல் எல்லோரையும் அருமை அருமை என்றது. யாரோ விசில் அடித்தார்கள். அப்போதுதான் மணிமொழி கதவுப் பக்கம் பார்த்தாள். செல்லமுத்து நின்றிருந்தார்.

அவர் நினைத்தால் அன்றைக்கே எழுதி அனுப்பலாம். செயலியை ஏமாற்றினால் மூன்று வருஷத்துக்குப் பரீட்சை எழுத முடியாது என்று சுற்றறிக்கையின் கடைசி வரியில் இருந்தது. அதை வகுப்பில் படித்துக் காட்டியவரே அவர்தான். மணிமொழி பெஞ்சிலிருந்து இறங்கவில்லை.

செல்லமுத்து கதவை வெளிப்பக்கமாகச் சாத்திக்கொண்டார். யாராவது வருகிறார்களா என்று வராந்தாவில் காவல் நிற்பது கண்ணாடி வழியே தெரிந்தது. பத்து நிமிஷம் கழித்து உள்ளே வந்து, தன் போனை நீட்டினார்.

"ஆசிரியர்களுக்கும் எழுபத்தஞ்சு வேணுமாம். எனக்கும் ஒண்ணு வெச்சுக் குடும்மா."

நான்கு நாளில் எல்லா வகுப்பும் பச்சைக்கு வந்தது. அருள்மொழிக்கு அவள் வீட்டுக்கே போய் மணிமொழி போனைச் சாய்த்து வைத்தாள். அருள்மொழி படுத்தபடியே தொண்ணூற்று நான்கு வாங்கினாள். ஹால் டிக்கெட் அனைவருக்கும் வந்தது. ஏப்ரலில் பரீட்சை எழுதினார்கள். கடைசிப் பரீட்சை முடிந்த வாரத்தில் ஜவ்வரிசி ஆலையிலிருந்து, ரிசல்ட் வந்ததும் வந்து சேரச் சொல்லி மணிமொழிக்குப் போன் வந்தது.

ஒரே மாதத்தில் கல்லூரி முழுவதும் நிமிர்ந்ததைப் பாராட்டி வாரியம் ஒரு கேடயம் கொடுத்தது. தெய்வசிகாமணிக்குப் பதவி உயர்வு கிடைத்தது. போனை உற்றுப் பார்க்கும் இளைஞர்கள் கண் சிமிட்ட மறப்பதால், சிமிட்டல்களை எண்ணும் செயலி ஒன்றுக்கு அவரைப் பொறுப்பாகப் போட்டார்கள். நிமிர் செயலியைப் பிறகு யாரும் திறக்கவில்லை. வாரியமும் கேட்கவில்லை. வாரியம் வெளியிட்ட இறுதி அறிக்கை மட்டும் கனமான தாளில் அச்சாகிக் கல்லூரிக்கு வந்தது. அதில் ஒரு பக்கத்தைச் செல்லமுத்து ஜெராக்ஸ் எடுத்து மணிமொழிக்குக் கொடுத்தனுப்பினார்.

அது ஞாயிற்றுக்கிழமை. பூமாலை வாசலில் உட்கார்ந்து கரும்பின் காய்ந்த தோகை கீறின கைக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி காயிதம்?"

"வாரியத்துலேர்ந்துமா. அறிக்கை."

"படி."

மணிமொழி படித்தாள். "'இக்கல்லூரியில் பயிலும் அறுநூற்றுப் பதினான்கு பேரில், அறுநூற்றுப் பதின்மூன்று பேரின் கழுத்துகள் இவ்வியக்கத்தின் மூலம் சீர்செய்யப்பட்டன. ஒரு மாணவியின் கழுத்து தொடக்கம் முதலே நேராக இருந்ததால், அதில் செய்வதற்கு எதுவும் இருக்கவில்லை.'"

படித்து முடித்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு நிற்காமல் கண்ணில் தண்ணீர் வந்தது. தாளை மடிக்கப் போனாள்.

"மடிக்காத" என்றாள் பூமாலை. "அந்தக் கடைசி வரிய இன்னொருவாட்டி படி."

மணிமொழி இன்னொரு முறை படித்தாள். பூமாலை எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு, மகளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"செரியாத்தான் எழுதிகீறான்" என்றாள்.